ஒரு குடும்பப் பெயர் எவ்வளவு பரவலானது? அது பெருகுகிறதா, தேய்கிறதா? கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்மித் என்ற குடும்பப் பெயர் 23,76,206 பேருக்கு இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2010-இல், அது 24,42,977 ஆனது. கூடுதலாக 66,771 ஸ்மித்கள். இதைப் பார்க்கிற எவரும் அந்தப் பெயர் பெருகிவருகிறது என்றே சொல்வார்கள். உண்மையில் அது தேய்ந்துவருகிறது. 2000-இல் லட்சம் பேரில் 881 பேர் ஸ்மித்களாக இருந்தார்கள். 2010-இல் 828 பேர்தான். ஸ்மித்கள் கூடியதைவிட வேகமாக மற்றவர்கள் கூடிவிட்டார்கள்.

குடும்பப் பெயர்களைப் பற்றி யார் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுவேன். "எங்கள் பெயர் அழிந்துவருகிறதா?", "இந்தப் பெயர் மட்டும் ஏன் எங்கு பார்த்தாலும் இருக்கிறது?" என்று கேட்பவர்களின் மனத்தில் பாட்டன் முப்பாட்டனைப் பற்றிய அக்கறை இருக்கிறது. அந்த அக்கறைக்குத் தகுந்த விடை கிடைக்க வேண்டுமென்றால், தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் பங்கைப் பார்க்க வேண்டும். ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் படி: எதை எண்ணப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தவறுகளில் பெரும்பாலானவை பிறப்பதும் இங்கேதான்.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டுத் தரவுப்படி அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர் டி யோங், சுமார் 84,000 பேர். இரண்டாமிடம் யான்சன், சுமார் 73,500 பேர். ஆனால் இந்த யான்சன் ஒற்றை 'எஸ்' இட்டு எழுதப்படுவது. அதே பெயரை இரட்டை 'எஸ்' இட்டு எழுதுபவர்கள் தனியாகச் சுமார் 54,000 பேர் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் 1,27,000-ஐத் தாண்டி யான்சன் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரே ஓர் எழுத்து நாட்டின் முதல் பெயரையே மாற்றிவிடுகிறது.

ஆகவே உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். பழைய பதிவேடுகளில் எழுத்தர் காதால் கேட்டதையே எழுதினார். ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயர் ஒரு விதமாகவும் தம்பி பெயர் வேறு விதமாகவும் பதிவாகியிருப்பது சாதாரணம். போலந்தில் ஆண் கோவல்ஸ்கி, பெண் கோவல்ஸ்கா; இரண்டும் ஒரே பெயர்தான், சேர்த்தே எண்ண வேண்டும். ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. அங்கே அரசுப் புள்ளிவிவர நிறுவனம் முதல் பெயராகக் கொண்டவர்கள், இரண்டாம் பெயராகக் கொண்டவர்கள், இரண்டும் அதே பெயராக அமைந்தவர்கள் என்று மூன்று எண்களைத் தனித்தனியாகத் தருகிறது. இவற்றைக் கலந்துவிட்டால் கணக்கு குலைந்துபோகும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே எழுத்து, வெவ்வேறு பெயர். அமெரிக்காவில் 2010-இல் லீ என்ற பெயர் ஏறத்தாழ 6,93,000 பேருக்கு இருந்தது. அவர்களில் 42 விழுக்காட்டினர் ஆசிய வம்சத்தவர், 36 விழுக்காட்டினர் வெள்ளையர், 16 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஆங்கிலேயரின் லீ, சீனரின் லி, கொரியரின் யி எல்லாம் ரோமன் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இதை ஒரே குடும்பப் பெயர் என்று எண்ணுவதில் பொருளே இல்லை.

சில மரபுகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இறுதிப் பெயர் தந்தை அல்லது தாயின் முதல் பெயரிலிருந்து வருகிறது. அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. அங்கே நீங்கள் எண்ணுவது தந்தையரின் பெயர் வழக்கத்தைத்தான், குடும்பத்தை அல்ல.

இரண்டாம் படி: பட்டியலைத் தேடுங்கள், அதில் யார் விடுபட்டார்கள் என்றும் பாருங்கள்

கிடைக்கக்கூடிய மூலங்கள் பல: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடிமக்கள் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல், தொலைபேசிப் புத்தகம். எல்லாவற்றிலும் ஏதோ ஓர் ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருப்பதால் மூலத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

தொலைபேசிப் புத்தகத்தில் வீட்டுக்கு ஒருவர் பெயர்தான் வரும். ஆனாலும் இடவாரியான பரவலைக் காண அது அருமையான மூலம். ஜெர்மனியின் குடும்பப் பெயர் நிலப்படத் தொகுப்பே 2005-ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை வைத்துத்தான் உருவானது. வாக்காளர் பட்டியலில் சிறுவர்கள் இருக்க மாட்டார்கள். குடியுரிமை பெறாத புலம்பெயர்ந்தோரும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுகள் என் மனத்துக்கு நெருக்கமானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-இல் குடிமைப் பதிவு தொடங்கியது. அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் 1853-ஆம் ஆண்டு நிலவரப்படி ஸ்மித் 73 பேருக்கு ஒருவர், ஜோன்ஸ் 76 பேருக்கு ஒருவர் என்று அங்கே மதிப்பிட்டார்கள். கணினி இல்லாத காலத்தில், அகரவரிசைப் பட்டியலைக் கையால் எண்ணிச் செய்த வேலை அது.

இந்தப் பதிவுகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஆண்டின் பிறப்புப் பதிவில் உங்கள் பெயருக்குள்ள பங்கையும் இறப்புப் பதிவில் உள்ள பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்பில் பங்கு கூடுதலாக இருந்தால் பெயர் ஏறுமுகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இறப்பில் கூடுதலாக இருந்தால் இறங்குமுகம். இரண்டு கணக்கெடுப்புகளுக்காகப் பத்து ஆண்டுகள் காத்திருக்காமலே திசை தெரிந்துவிடும்.

ஒரே நாட்டின் இரண்டு பட்டியல்களும் ஒரே முறையில் தயாரானவை என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸ்மித்தின் பங்கு 1.006 விழுக்காடு, 2000-இல் 0.881. பெரிய சரிவுபோலத் தெரியும். ஆனால் 1990 பட்டியல் மக்களில் ஒரு பகுதியினரை மட்டும் கொண்ட மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது, 2000 பட்டியல் முழுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. சரிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு முறை மாற்றம் என்று அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தென்கொரியாவில் 2000-இல் 286 ஆக இருந்த குடும்பப் பெயர்கள் 2015-இல் 5,582 ஆகிவிட்டன. பதினைந்து ஆண்டுகளில் கொரியர்கள் ஐயாயிரம் புதுப் பெயர்களைச் சூட்டிக்கொண்டுவிடவில்லை. சீன எழுத்து வடிவம் இல்லாத பெயர்கள் மட்டும் அவற்றில் நான்காயிரத்துக்கு மேல். குடியுரிமை பெற்ற வெளிநாட்டவர்களின் பெயர்கள் பட்டியலில் சேர்ந்ததே இதற்குக் காரணம்.

மூன்றாம் படி: பங்கைக் கணக்கிடுங்கள்

கணக்கு எளிது. பெயர் உள்ளவர்களின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். லட்சத்துக்கு எத்தனை பேர் என்று வரும். விழுக்காட்டைவிட இது வசதியானது. அரிய பெயர்களுக்கு 0.0003 என்று சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கவனம் தேவைப்படுவது வகுக்கும் எண்ணில். 2010-இல் அமெரிக்காவின் மக்கள்தொகை 30,87,45,538. குடும்பப் பெயர்ப் பட்டியலோ 29,49,79,229 பேரை அடிப்படையாகக் கொண்டது. பயன்படுத்தத்தக்க பெயர் கிடைக்காத பதிவுகள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டன. பெயர்ப் பட்டியலின் மொத்தத்தால் வகுத்தால் ஸ்மித் லட்சத்துக்கு 828. மக்கள்தொகையால் வகுத்தால் 791. இரண்டுமே ஏறத்தாழச் சரிதானே என்று தோன்றலாம். ஆனால் 2000-க்கு ஒரு வகையையும் 2010-க்கு வேறு வகையையும் கையாண்டால், 881-இலிருந்து 791-க்கு விழுந்ததாகக் காட்டும். ஆறு விழுக்காட்டுச் சரிவு பத்து விழுக்காடாக ஊதிவிடும். எதால் வகுத்தாலும் எல்லா ஆண்டுகளுக்கும் அதே வகையால் வகுங்கள்.

இப்போது இன்னொரு பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்பானியப் பெயரான கார்சியா அமெரிக்காவில் 2000-இல் 8,58,289 பேர். 2010-இல் 11,66,120 பேர். எண்ணிக்கை 36 விழுக்காடு கூடியிருக்கிறது. பங்கு லட்சத்துக்கு 318-இலிருந்து 395-க்கு வந்திருக்கிறது, அதாவது 24 விழுக்காடு உயர்வு. பெயர் உண்மையில் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் சொல்ல வேண்டிய எண் 24.

நான்காம் படி: தரவரிசையை நம்பாதீர்கள்

செய்திகளில் அதிகம் வருவது தரவரிசைதான். எனக்கு அதன்மேல் நம்பிக்கை மிகக் குறைவு. வில்சன் 2000-இல் பத்தாமிடம், 2010-இல் பதினான்காமிடம். ஆனால் வில்சன்களின் எண்ணிக்கை 7,83,051-இலிருந்து 8,01,882-க்குக் கூடியே இருந்தது. மார்டினெஸ், எர்னாண்டஸ், லோபஸ், கோன்சாலஸ் ஆகிய நான்கு பெயர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன, அவ்வளவுதான். உங்கள் பெயருக்கு நடந்ததைவிட அக்கம்பக்கத்துப் பெயர்களுக்கு நடந்ததையே தரவரிசை பல நேரங்களில் சொல்கிறது. பட்டியலின் அடிப்பகுதிக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஓரிருவர் வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான இடங்கள் புரண்டுவிடும்.

ஐந்தாம் படி: சிறிய எண்களைக் கண்டு பதறாதீர்கள்

அரிய பெயர் கொண்டவர்கள் மனம் நோவது இங்கேதான். ஒரு கணக்கெடுப்பில் 14 பேர் இருந்தார்கள், அடுத்ததில் 9 பேர் என்றால், பெயர் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிட்டது என்று கலங்கிப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு எண்களையும் கூட்டுங்கள்: 23. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.8. இரண்டு எண்களின் வித்தியாசமோ 5. வித்தியாசம் வர்க்கமூலத்தைப்போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் ஏதோ நடக்கிறது என்று கருத இடமுண்டு. இங்கே அப்படி இல்லை. ஒரு வீட்டுக்காரர் ஊர் மாறியிருப்பார், ஓர் எழுத்தர் பெயரைத் தவறாக எழுதியிருப்பார். அந்த அளவு அசைவுதான் இது.

எழுத்துப் பிழையின் ஆட்சி அரிய பெயர்களில் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் பதிவான சுமார் 63 லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு முறை மட்டும் வந்தவை. அவற்றில் உண்மையான தனிப் பெயர்களோடு கையெழுத்தைத் தவறாகப் படித்ததால் பிறந்தவையும் கலந்திருக்கின்றன. கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட பட்டியலோ 100 பேருக்குக் குறையாத பெயர்களோடு நின்றுவிடுகிறது. அதில் உங்கள் பெயரைக் காணவில்லை என்றால் 100 பேருக்குக் குறைவு என்று மட்டுமே பொருள். பெயர் அழிந்துவிட்டது என்று பொருளல்ல.

ஆறாம் படி: ஏன் மாறியது என்று கேளுங்கள்

ஓர் எண் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மனித வாழ்க்கையில் எத்தனையோ காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது தற்செயல். அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றக் காரணங்களுக்குப் போவது சரியாகாது.

1873-இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், பெயர் பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அற்றுப்போவதைக் கண்டு, இது தற்செயலாலேயே நிகழக்கூடியதா என்று கணிதப் புதிராகக் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை முயன்றார். 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாப் பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும் என்று வாட்சன் முடித்தது பிழை. சராசரியாக ஒருவருக்கு ஒரு மகனுக்கு மேல் இருந்தால் பெயர் என்றென்றும் நிலைக்கவும் வாய்ப்பு உண்டு. 1845-லேயே பிரெஞ்சுக்காரர் பியனமே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார். முடிவு பிழையானாலும் வாட்சனின் வழி அழகானது; நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பெயர் மகன் வழியாக மட்டுமே போகும் மரபு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மகன் இல்லாமல் போகவும், ஒரு மகன் பிறக்கவும், இரண்டு மகன்கள் பிறக்கவும் சம வாய்ப்பு, மூன்றில் ஒன்று. சராசரி சரியாக ஒரு மகன். முதல் தலைமுறையிலேயே பெயர் அற்றுப்போகும் வாய்ப்பு 33 விழுக்காடு. இரண்டாம் தலைமுறைக்குள் அற்றுப்போக மூன்று வழிகள்: மகனே இல்லை; ஒரு மகன், அவனுக்கு மகன் இல்லை; இரண்டு மகன்கள், இருவருக்கும் மகன் இல்லை. மூன்றையும் கூட்டினால் 27-இல் 13, அதாவது 48 விழுக்காடு. இப்படியே தொடர்ந்தால் மூன்றாம் தலைமுறையில் 57, நான்காவதில் 63, ஐந்தாவதில் 68.

மக்கள்தொகை குறையவே இல்லை, நோயில்லை, போரில்லை. ஆனாலும் ஆயிரம் பெயர்களோடு, பெயருக்கு ஒருவராகத் தொடங்கிய ஊரில் ஐந்து தலைமுறைக்குப் பின் ஏறத்தாழ 320 பெயர்களே மிஞ்சும். ஆண்கள் எண்ணிக்கை அதே ஆயிரம் அளவில் இருப்பதால், மிஞ்சிய பெயருக்குச் சராசரி மூன்று பேர். உங்கள் பெயர் அருகிவருகிறதென்றால் அது யாருடைய குற்றமும் அல்ல, எந்தக் குறையும் அல்ல என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகச் சொல்லும் ஒன்று எனக்குத் தெரியாது.

எதிர்த்திசையிலும் தற்செயல் வேலை செய்யும். 1647-இல் பிரான்சிலிருந்து இன்றைய கனடாவின் கியூபெக் போன பியர் ட்ரெம்ப்ளே என்பவரின் சந்ததி பல்கிப் பெருகி, இன்று கியூபெக்கில் மிகப் பரவலான குடும்பப் பெயர் ட்ரெம்ப்ளேதான், 100 பேரில் ஒருவருக்கு. அத்தனை பேருக்கும் ஒரே வேர். ஸ்மித் அப்படி அல்ல. அது கொல்லர் என்ற தொழிற்பெயர். ஊருக்கு ஊர் இருந்த கொல்லர்கள் தனித்தனியாகச் சூடிக்கொண்டது. பெயர் பரவலாக இருக்கிறதென்றால், ஒரு மரம் பெரிதானதா, பல மரங்கள் ஒரே பெயரில் நிற்கின்றனவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சட்டம். ஒரே கையெழுத்தில் நாட்டின் பெயர்களைத் தலைகீழாக்கவல்லது அது. பிலிப்பைன்ஸில் 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா அகரவரிசைப் பெயர்த் தொகுப்பை அனுப்பி, அதிலிருந்து குடும்பப் பெயர்களை எடுத்துக்கொள்ளும்படி ஆணையிட்டார். தொகுப்பின் பக்கங்கள் ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், சில ஊர்களில் இன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. ஜப்பானில் 1875-இலும், தாய்லாந்தில் 1913-இலும், துருக்கியில் 1934-இலும் குடும்பப் பெயர் கட்டாயமானது. தாய்லாந்தில் ஒரு குடும்பம் எடுத்த பெயரை வேறு குடும்பம் எடுக்கக் கூடாது என்று விதித்ததால், அங்கே பெரும்பாலான பெயர்கள் அரியவை. டென்மார்க்கில் 2006 முதல் நடப்பிலுள்ள சட்டத்தில் பரவலே அளவுகோலாகிவிட்டது: 2,000 பேருக்கு மேல் உள்ள பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் குறைந்தவை பாதுகாக்கப்பட்டவை.

பெயர் மரபின் வயதும் முக்கியம். சீனாவில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை. வாங், லி, ஜாங், லியூ, சென் ஆகிய ஐந்து பெயர்களே மக்களில் 30 விழுக்காட்டுக்கு மேல். நூற்றைம்பது ஆண்டுப் பழமையே உள்ள ஜப்பானில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. முந்தைய கணக்கின் பெரிய வடிவம்தான் இது. ஆனால் எல்லாவற்றையும் தற்செயலின் தலையில் கட்டிவிட முடியாது. வியட்நாமில் மூன்றில் ஒருவருக்கும் மேல் நுயென் என்ற பெயர் இருப்பதற்கு, அரச வம்சத்தின் பெயரை மக்கள் ஏற்றது ஒரு பெரிய காரணம். கொரியாவில் கிம் என்ற பெயர் ஐந்தில் ஒருவருக்கு இருப்பதற்கும், சாதாரண மக்கள் உயர்குடிப் பெயர்களை எடுத்துக்கொண்டதில் பங்கு உண்டு.

புலப்பெயர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கார்சியாவின் கதையே அதுதான்.

ஏழாம் படி: எதிர்காலத்துக்கு நீட்டும்போது எதை மாறாததாகக் கொண்டீர்கள் என்று எழுதுங்கள்

2024-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வெளியிட்ட கணிப்பு உலகச் செய்தியானது: 2531-இல் ஜப்பானியர் அனைவருக்கும் சாட்டோ என்ற ஒரே குடும்பப் பெயர் இருக்கும். ஜப்பானியச் சட்டப்படி மணமக்கள் இருவரும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும்; ஏறத்தாழ 95 விழுக்காட்டில் பெண்தான் தன் பெயரை விடுகிறார். அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற விவாதத்துக்காகவே கணிப்பு செய்யப்பட்டது.

கணக்கை நாமே சரிபார்க்கலாம். 2023-இல் சாட்டோவின் பங்கு 1.53 விழுக்காடு. முந்தைய ஆண்டைவிட 1.0083 மடங்கு. இந்த வேகம் 508 ஆண்டுகள் மாறாமல் நீடித்தால் 1.0083-ஐ 508 முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 67 மடங்கு வரும். 1.53-ஐ 67-ஆல் பெருக்கினால் 100-ஐத் தாண்டிவிடுகிறது. பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் முழுக் கணிப்பும் ஓர் ஆண்டின் வேகத்தின்மேல் நிற்கிறது. வேகத்தை 1.0040 என்று மாற்றிப் போட்டால் அதே 508 ஆண்டுகளில் சுமார் 7.6 மடங்குதான்; சாட்டோ 12 விழுக்காட்டைக்கூட எட்டாது.

உங்கள் பெயருக்கும் இதையே செய்யுங்கள். ஒரு வேகத்தை மட்டும் வைத்து நீட்டாமல், கிடைத்த தரவில் மிக மெதுவான காலத்தையும் மிக வேகமான காலத்தையும் எடுத்து இரண்டு கோடுகளாக நீட்டுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகிப் போனால், எதிர்காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் கடந்த காலத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கடைசி வேலை, கண்டதைக் குறித்துவைப்பது. பெயரின் எல்லா எழுத்து வடிவங்கள், ஆண்டு, மூலம், எண்ணிக்கை, வகுத்த எண், லட்சத்துக்கு எத்தனை என்று ஆறு கட்டங்கள் போதும். ஸ்மித்துக்கு அந்த வரி இப்படி இருக்கும்: ஸ்மித் (ஒரே வடிவம்), 2010, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 24,42,977, 29,49,79,229, 828. அடுத்த பட்டியல் வெளியாகும்போது கீழே இன்னொரு வரி சேர்த்தால் போதும். நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் பேரன் அல்லது பேத்தி சேர்த்துக்கொள்ளலாம்.